ஒன்றை அழுத்தவும்

டில்லிபாபு சிகரெட்டை விட்டு நாற்பத்தோரு நாள் ஆன பிறகுதான், அவன் சிகரெட் பிடிப்பவன் என்று கல்லூரி கண்டுபிடித்தது. இதில் கல்லூரியின் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. அவனே எழுந்து நின்று சொன்னான்.

அவன் விட்ட கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அவன் அப்பா எல்லப்பன் பொதட்டூர்பேட்டையில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். பகலெல்லாம் பஞ்சுத் தூசு, நடுநடுவே பீடி. தை மாதம் ஒருநாள் இருமினார், ரத்தம் வந்தது. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "ரெண்டு நாள் பாக்கலாம்" என்றார். டாக்டர்கள் இரண்டு நாள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும்.

மறுநாள் தைக் கிருத்திகை. டில்லிபாபு ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் திருத்தணிக்குப் போய், முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, மொட்டை போட்டுக்கொண்டான். சட்டைப் பையில் இருந்த பாதிப் பாக்கெட் சிகரெட்டை நாவிதர் காலடியில் கிடந்த ஈர முடிக் குவியலில் போட்டான். "எங்க நைனாவுக்கு மூச்சு குடு முருகா. நான் இத்தோட தம்ம விட்டுட்றேன்." பேரம் அவ்வளவுதான். மூன்றாம் நாள் எல்லப்பன் கண் விழித்தார். பத்தாம் நாள் மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷினுமாக வீடு வந்து சேர்ந்தார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சுதான். "டாக்டரு இன்னாத்த பண்ணாரு? என் புள்ள விட்ட சிகரெட்லதான் என் மூச்சு ஓடிகினு இருக்குது."

இப்போது கல்லூரிக்கு வருவோம். திருத்தணி மலைக்குக் கீழே, மெயின் ரோட்டை ஒட்டிய தனியார் கல்லூரி. தரமதிப்பீட்டுக் குழு மே மாதம் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. கடைசியாகக் குழு வந்தபோது, கழிவறைச் சுவரோரம் கிடந்த சிகரெட் துண்டுகளை ஒரு பேராசிரியர் குனிந்து எண்ணிவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பரிகாரமாக, சென்னைக் கம்பெனி ஒன்றிடமிருந்து 'தெளிமூச்சு' என்ற இணையவழித் திட்டத்தை வாங்கினார்கள். நாற்பத்திரண்டு நாள். செல்போனில் செயலி, செயலியோடு சேர்ந்த ஊதும் டப்பா ஒன்று. ஊதினால் மூச்சிலுள்ள புகையை அளந்து பச்சை, சிவப்பு என்று காட்டும். வேறு ஆளை வைத்து ஊத முடியாது. கேமரா முகம் பார்க்கும்.

தொடக்க விழாவில் முதல்வர் முனைவர் விஜயராகவன் பேசினார்.

"நமது கல்லூரியில் புகைபிடிக்கும் மாணவர் ஒருவர்கூட இல்லை என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன். அப்படிப்பட்ட மாணவர்களில் எழுபது பேரைத் தேர்ந்தெடுத்து, நாற்பத்திரண்டே நாட்களில் அப்பழக்கத்திலிருந்து மீட்கவிருக்கிறோம். இதில் நூறு சதவீதம் வெற்றி பெறுவது என்று ஆட்சிமன்றக் கூட்டத்தில் ஏற்கெனவே தீர்மானம் நிறைவேற்றப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது திட்டத்தைத் தொடங்குவது மட்டுமே."

முன்வரிசையில் இருந்த துறைத் தலைவர்கள் கை தட்டினார்கள். ஏழு துறை, துறைக்குப் பத்துப் பேர். ஆளுக்கு எங்கே போவது என்பது அவர்கள் பாடு.

கணிதத் துறையில் மொத்தமே இருபத்திரண்டு பேர், அதில் பத்தொன்பது பெண்கள். கடைசியில் வருகைப் பதிவேட்டின் முதல் பத்துப் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் கவிப்பிரியா அப்படித்தான் நாளைக்கு ஒன்று பிடிப்பவளாகப் பதிவானாள்.

வணிகவியல் மூன்றாம் ஆண்டில் பிடிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டுக்குத் தகவல் போகும் என்று தெரிந்ததும் வகுப்பே தவச்சாலை ஆகிவிட்டது. திட்ட ஒருங்கிணைப்பாளர் ஜெயப்பிரகாஷ் சார் இரண்டு முறை கேட்டார். யாரும் அசையவில்லை. டில்லிபாபு மட்டும் எழுந்தான்.

"சார், நான் புடிச்சிகினு இருந்தேன். இப்ப விட்டுட்டேன் சார். நாப்பத்தோரு நாளு ஆவுது."

திட்டமே விடுவதற்குத்தான் என்கிறார்களே, விட்டவன் எப்படி விட்டான் என்று சொன்னால் நாலு பேருக்கு ஆகுமே என்று நினைத்தான். யதார்த்தவாதி வெகுஜன விரோதி என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஜெயப்பிரகாஷ் சார் முகம் மலர்ந்து முதல் பெயராக எழுதிக்கொண்டார்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஜாஹித், அரக்கோணத்து மெக்கானிக் மகன். நாளைக்கு ஐந்து பிடிப்பான். நல்ல குரல், தெளிவான தமிழ். அவனைப் 'புகையில்லா வளாகத் தூதுவர்' ஆக்கி மார்பில் பச்சை ரிப்பன் குத்தினார்கள். வெளியே வந்ததும் ஜாஹித் டில்லிபாபுவின் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், சத்தியமா எனக்கே வெக்கமா இருக்குது. நீ ஏன்டா வாயக் குடுத்த?" சொல்லிவிட்டு, ரிப்பனைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, டீக்கடைப் பின்பக்கம் போனான்.

முதல் சிக்கல் முதல் கேள்வியிலேயே வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீர்கள் என்று செயலி கேட்டது. டில்லிபாபு சுழியம் போட்டான். 'ஒன்றுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட எண்ணை உள்ளிடவும்' என்றது. மறுபடியும் சுழியம் போட்டான். 'அன்பான பயனரே, மறுப்பு என்பது அடிமைத்தனத்தின் முதல் நிலை' என்றது. ஒன்று போட்டான். 'உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறோம்' என்றது.

அடுத்தது ஊதுவது. ஊதினான். இரண்டு என்று பச்சையில் வந்தது. மறுநாளும் இரண்டு. ஜெயப்பிரகாஷ் சார் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டில்லி, முதல் ஊதலு சிவப்பா இருக்கணும்டா. அப்பத்தான் கடைசி ஊதலு பச்சையானா அது முன்னேற்றம். நீ எடுத்த எடுப்புலயே பச்சைன்னா, நாங்க எதத் திருத்தினோம்னு காட்டுறது?"

"நான்தான் விட்டுட்டேனே சார். பேர எடுத்துடுங்க."

"லிஸ்ட்டு மேல போயிடுச்சுப்பா. போர்ட்டல்ல சேக்கத்தான் வழி இருக்குது, எடுக்க வழி இல்ல. ஹால் டிக்கெட்டும் அதோடதான் கோத்திருக்குது. இத முடிக்கலன்னா அது வராது." சார் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தன் பேண்ட் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து நீட்டினார். "என்னோடதுதான், கூச்சப்படாத. ஒண்ணே ஒண்ணு இழுத்துட்டு வந்து ஊது. அப்புறம் ஜென்மத்துக்கும் தொடாத. நான் உனக்கு நல்லதுதான சொல்றேன்?"

"எங்க நைனாவுக்கு வேண்டிக்கினு விட்டது சார்."

"வேண்டுதல்னு ஒரு கட்டம் செயலில இல்லயேப்பா."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. டில்லிபாபு அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் அலைந்தான். பஸ் ஸ்டாண்டில் புறப்படுகிற பஸ்களின் பின்னால் நின்று மூச்சிழுத்துப் பார்த்தான், நாலு. மார்க்கெட்டுக்குப் பின்னால் எரிகிற குப்பை அருகே நின்றான், ஐந்து. சிவப்புக்குக் குறைந்தது பத்து வேண்டும்.

நாலாம் நாள், படிக்கட்டு அடிவாரத்தில் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று படி பூஜைக்கு வந்து இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுகிற பிரார்த்தனை. பெரியவருக்கு முழங்கால் வலி, குனிய முடியவில்லை. கற்பூரம் ஏற்ற ஆள் தேடினார்கள். டில்லிபாபு தானாகப் போய்த் தட்டை வாங்கிக்கொண்டான். முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் குனிந்து, ஒவ்வொரு சுடர்மேலும் முகத்தை வைத்துப் புகையை ஆழ இழுத்தான். "அப்பா, ஏமி பக்தி!" என்று அந்த வீட்டு அம்மா தெலுங்கில் வியந்து, கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். உச்சிப்படியில் கண் எரிய, தலை சுற்ற, உட்கார்ந்து ஊதினான்.

பன்னிரண்டு. சிவப்பு.

'நீங்கள் கடுமையான அபாயத்தில் இருக்கிறீர்கள். வாழ்த்துகள், உங்கள் பயணம் தொடங்கியது' என்றது செயலி. சாமி சன்னிதியில், சாமியின் கற்பூரத்தால், சத்தியம் மீறாமல் புகைபிடிப்பவன் என்று பேர் வாங்கியவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். சந்தோஷமாகக் கீழே இறங்கினான். செயலி வீட்டுக்குப் போன் போடும் என்பதை மறந்துபோனான்.

பதினோரு மணிக்கு எல்லப்பனின் பட்டன் போன் அடித்தது. கம்ப்யூட்டர் பெண் குரல் பேசியது.

"வணக்கம். உங்கள் மகன் டில்லிபாபு புகைபிடிப்பது அறிவியல் முறையில் உறுதி செய்யப்பட்டுள்ளது. அவரைத் திட்டாதீர்கள். அன்பாகப் பேசுங்கள். இதை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றால் ஒன்றை அழுத்தவும்."

மறுப்பதற்கு எண் கிடையாது. அழுத்தாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடிக்கும். டில்லிபாபு சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் ஏழு முறை அடித்திருந்தது. எல்லப்பன் ஏழு முறையும் முழுசாகக் கேட்டுவிட்டு வைத்திருந்தார்.

"அது கற்பூரப் பொக நைனா," என்று டில்லிபாபு நடந்ததையெல்லாம் சொன்னான். "சும்மா ஒப்புக்குத்தான். ஒண்ண அமுக்கிடு."

எல்லப்பன் மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "நீ புடிக்கலதான?"

"இல்ல நைனா."

"அப்ப நான் எதுக்கு அமுக்கணும்? என் புள்ள புடிக்கிறான்னு நானே ஒத்துக்கினா, மேல ஒருத்தன் கேட்டுகினு இருக்கான்ல, அவன் இன்னா நெனப்பான்? வாக்கு தப்பிட்டானுங்கன்னு குடுத்தத திருப்பிக் கேக்க மாட்டானா?"

மறுநாள் கல்லூரியில் அவன் பெயருக்கு எதிரே 'பெற்றோர் ஒத்துழைப்பின்மை' என்று விழுந்தது. முதல்வரே கூப்பிட்டு விசாரித்தார். "தம்பி, ஒரு தந்தை தன் மகன் கெட்டுப்போய்விட்டான் என்று நம்ப மறுக்கிறார் என்றால் அந்தக் குடும்பத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது. எல்லாப் பெற்றோரும் உடனே நம்பிவிட்டார்கள். கவிப்பிரியாவின் பெற்றோரைப் பாருங்கள். முதல் அழைப்பிலேயே ஒன்றை அழுத்தினார்கள்."

அழுத்தினார்கள். அழுத்திய கையோடு அவளை வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். சேதி மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டி, வைகாசியில் வைத்திருந்த கல்யாணம் நின்றது. பிறகு கணிதத் துறை வளாகத்தில் அவள் பிடிப்பதில்லை என்பது உண்மையானதால், அவளை வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

"நீயே அமுக்கிடேன்டா," என்றார் ஜெயப்பிரகாஷ் சார். "போனுதான? அதுக்கு இன்னா கண்ணா இருக்குது?"

டில்லிபாபு அதையும் செய்து பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தான். பின்னால் தடாலென்று சத்தம். எல்லப்பன் மூக்குக் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து வந்திருந்தார். நாலு எட்டு வைத்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "குட்றா அத," என்றார். அம்மா ரத்தினம்மாள் ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். அவர் மூச்சு நிதானப்பட அரைமணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் டில்லிபாபு அந்தப் போனைத் தொடவில்லை.

மத்தியானம் அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்தான். ஹால் டிக்கெட் இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் சொல்லி வைத்திருக்கும் வேலை இல்லை. அந்த வேலை இல்லையென்றால் அவனும் அதே தறிக் கூடத்தில், அதே தூசில் நிற்க வேண்டியதுதான். எல்லப்பன் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்ட ஒரே வரம், "நீ தறிக்கு வராதடா" என்பதுதான். எப்படிப் பார்த்தாலும் யாராவது ஒருவருக்குக் கொடுத்த வாக்கு உடைந்துதான் ஆக வேண்டும்.

"நைனா," என்றான். "மெய்யாவே புடிச்சேன்."

எல்லப்பன் அவனைப் பார்த்தார்.

"கற்பூரம்னு சொன்னதெல்லாம் பொய்யி. பஸ் ஸ்டாண்டுல ஜாஹித்கிட்ட வாங்கிப் புடிச்சேன். மனசு கேக்கல."

போன் அடித்தது. எல்லப்பன் எடுத்து, குரல் பேசி முடிக்கிறவரை காதில் வைத்திருந்து, விரலால் தடவித் தடவி ஒன்றை அழுத்தினார். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொய்யை ஒரு நொடியில் நம்பினார். உண்மைக்குத்தான் அத்தனை சாட்சி தேவைப்பட்டது.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை உறுதிமொழி அழைப்பு வரும் என்பதால் நாற்பத்திரண்டு நாளும் அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கடைசி நாள், சான்றிதழ் கைக்கு வந்ததும், அப்பா காலைத் தொட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று டில்லிபாபு தீர்மானம் செய்திருந்தான். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வாய்க்குள்ளே சொல்லிப் பார்ப்பான். எல்லப்பன் அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கோபம் இல்லை. சோறு சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பார்.

கல்லூரியில் அவன் புகழ் ஏறிக்கொண்டே போனது. இரண்டாம் நாளிலிருந்து தினமும் இரண்டு, பச்சை. இப்படியொரு மீட்சியைக் கம்பெனி எந்த மாநிலத்திலும் கண்டதில்லையாம். கல்லூரி வாசலில் அவன் படத்தோடு பேனர் வைத்தார்கள். 'நாளொன்றுக்கு நாற்பது சிகரெட், இன்று நறுமண மூச்சு.' ஒன்று எப்படி நாற்பதானது என்று கேட்டான். ஒன்றிலிருந்து மீட்டால் அதில் கல்லூரிக்கு என்ன பெருமை என்றார் ஜெயப்பிரகாஷ் சார். பேனருக்கு முன்னால் தூதுவர் ஜாஹித்தைப் பேசவைத்துப் படம் பிடித்தார்கள். பேசி முடித்ததும் ஜாஹித் ரோட்டோரமாகப் போய் வாந்தி எடுத்தான். அன்றைக்கு அவன் பத்துப் பிடித்திருந்தான்.

நாற்பத்திரண்டாம் நாள் விடிந்தது. டில்லிபாபு குளித்துவிட்டு வந்து பார்த்தபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லப்பன் இல்லை. குழாய் மூக்கில் அப்படியே இருந்தது, காற்றும் வந்துகொண்டிருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மதியத்துக்கு மேல் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். மறுபடி மொட்டை அடித்துக்கொண்டு, கொள்ளி வைத்தான். காற்று திசை மாறி மாறி அடித்தது. எல்லோரும் விலகி நின்றார்கள். அவன் மட்டும் விலகவில்லை. சொல்ல வேண்டிய சேதி ஒன்று மிச்சமிருந்தது. அதை அந்தப் புகையைப் பார்த்துச் சொன்னான். "கற்பூரந்தான் நைனா. சத்தியமா கற்பூரந்தான்."

வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதும் ரத்தினம்மாள் அவனைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்த ஒண்ண அமுக்கிட்டு, திருத்தணி இருக்கிற பக்கமா கும்புடுவாருடா. சின்னப் புள்ள, தெரியாம வாக்கு தப்பிட்டான், அவன ஒண்ணும் பண்ணிடாத முருகா, என் மூச்சுல கழிச்சிக்கோன்னு சொல்லுவாரு. ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

டில்லிபாபுவுக்கு அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் பெரிதாக வாங்கியது.

ஐந்தரை மணிக்கு ஜெயப்பிரகாஷ் சார் போன் செய்தார். "கேள்விப்பட்டேன்டா, மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. முதல்வரும் இரங்கல் சொல்லச் சொன்னாரு. ஆறு மணிக்குப் போர்ட்டல் மூடிடும்பா. கடைசி ஊதல ஊதிடு. நூறு சதவீதத்துல நீ ஒருத்தன்தான் பாக்கி."

சொன்னதைச் செய்து பழகிய கை டப்பாவை எடுத்தது. முகம் பொருந்தவில்லை என்றது கேமரா; தலையில் முடி இல்லை. மூன்றாம் முறை ஒப்புக்கொண்டது. ஊதினான்.

பதினான்கு. சிவப்பு.

'பரவாயில்லை, சறுக்கல் பயணத்தின் ஒரு பகுதி' என்றது செயலி. 'இன்று உங்கள் முதல் நாள்.'

தலையணைக்கு அடியில் எல்லப்பனின் போன் அடித்தது. டில்லிபாபு எடுத்தான்.

"வணக்கம். உங்கள் மகன் டில்லிபாபு மீண்டும் புகைபிடித்துள்ளார். அவரைத் திட்டாதீர்கள். அன்பாகப் பேசுங்கள். இதை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்றால் ஒன்றை அழுத்தவும்."

காதிலிருந்து எடுத்துப் போனைப் பார்த்தான். ஒன்று என்ற எண் தேய்ந்துபோயிருந்தது. வைத்துவிட்டான். உடனே அவன் போனில் ஜெயப்பிரகாஷ் சார் வந்தார்.

"சிவப்பு காட்டுதேடா! சரி, உடு. விசேஷ அனுமதின்னு எழுதி ஹால் டிக்கெட்ட நான் வாங்கித் தரேன். பெற்றோர் ஒப்புதல் மட்டும் விழுந்துட்டா போதும். அப்பா போனு உன்கிட்டதான இருக்குது? இப்ப யாரு கேக்கப் போறா? நீயே ஒண்ண அமுக்கிடு. பத்து நாள்ல பரீட்சடா."

"எங்க நைனா அமுக்க மாட்டாரு சார்," என்றான் டில்லிபாபு.

ஒரு மணி நேரம் கழித்து எல்லப்பனின் போன் மறுபடி அடித்தது. அவன் அதை எடுத்து, குரல் பேசி முடிக்கிறவரை முழுசாகக் கேட்டுவிட்டு, தலையணைக்கு அடியில் வைத்தான்.